குந்துறதுக்கு ஓர் இடம்: வேலூர்ப் பக்கம் சுற்றிய குறிப்புகள்

திங்கள், காட்பாடி

ஆம்பூர் பிரியாணிக்காக யாராவது இதைத் திறந்திருந்தால் இப்போதே மூடிவிடலாம், இந்தத் தடவை அந்தப் பக்கமே போகவில்லை.

கட்டட வரைபடம் போடுவது என் பிழைப்பு. கொஞ்ச காலமாக அலுவலகத்தில் 'சமூக உட்கட்டமைப்பு' என்ற பேச்சு வராமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. ரோடு, பாலம், குழாய், மின்கம்பம் எல்லாம் ஒரு வகை. நூலகம், பூங்கா, விளையாட்டுத் திடல், பால்வாடி, சமுதாயக் கூடம் என்று ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பழக இடம் தருவது இன்னொரு வகை, அதற்குத்தான் இந்தப் பெயர். இரண்டாம் வகையில் நிறைய வரைந்திருக்கிறேன். திறப்பு விழாவுக்கு அப்புறம் உள்ளே யார் வந்து உட்காருகிறார்கள் என்று பார்த்துவர எந்த அலுவலகமும் ஆள் அனுப்பாது, அதற்குப் பில் போட முடியாதே. அம்மா பிறந்த ஊர் இந்தப் பக்கம், லீவும் இருந்தது, கிளம்பிவிட்டேன்.

அக்னி நட்சத்திரத்தில் யாராவது வேலூருக்குப் போவார்களா என்று கேட்காதவர் இல்லை. வெயிலூர் என்று ஊரே தன்னைக் கிண்டல் செய்துகொள்ளும் ஊர். ஆனால் நான் பார்க்க வந்த விஷயம் வெயிலில்தான் நன்றாகத் தெரியும். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் அடித்த வெயிலுக்கு 700க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் அந்தச் சாவுகளைப் பேட்டை பேட்டையாகப் பிரித்துப் பார்த்தார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் என்று பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகள் இரண்டு. இரண்டிலும் ஏழைகள் அதிகம், தனியாக வாழும் வயதானவர்கள் அதிகம், வெயிலும் ஒரே வெயில்தான். வடக்கில் லட்சத்துக்கு 40 பேர் என்ற கணக்கில் சாவு, தெற்கில் 4 பேர். தெற்கில் தெருவில் கடைகள் இருந்தன, நடமாட்டம் இருந்தது, கிழவிகளும் இறங்கி வந்து ஏதோ ஒரு கடையில் கொஞ்ச நேரம் நின்றார்கள். வடக்கில் கடைகள் மூடிப்போய், வீடுகள் பாழடைந்து, வெளியே வர பயந்து உள்ளேயே பூட்டிக்கொண்டு கிடந்தவர்கள் கிடந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

இதைப் படித்ததிலிருந்து வரைபடத்தில் ஒரு பெஞ்சு போடும்போதுகூடக் கை கொஞ்சம் தயங்குகிறது.

காட்பாடியில் இறங்கியதும் ஆட்டோக்காரர் கேட்டது: "சிஎம்சியா, விஐடியா?" ஒன்று ஆஸ்பத்திரி, இன்னொன்று பல்கலைக்கழகம். இரண்டும் இல்லை என்றேன். "அப்ப இன்னாத்துக்கு வந்தீங்கோ?" என்றார். நியாயமான கேள்வி.

செவ்வாய், கோட்டை

விடியற்காலையிலேயே கோட்டைக்குப் போய்விட்டேன். அகழித் தண்ணீரும் கருங்கல் மதிலும் 16ஆம் நூற்றாண்டு வரலாறும் எல்லாப் பயணக் கட்டுரையிலும் கிடைக்கும், 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். எனக்கு வேண்டியது வேறு. இந்த நகரத்தில் காசு கொடுக்காமல் போய் உட்கார இவ்வளவு பெரிய இடம் இன்னொன்று கிடையாது. காலையில் நடக்க வரும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், நடப்பது கொஞ்சம் பேசுவது நிறைய, புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக ஓர் அம்மா பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் நடந்த பந்திச் சண்டையை முழு ஒலிச்சித்திரமாகச் சொல்லிக்கொண்டே போனார். நானும் அரைச் சுற்று அவர் பின்னாலேயே போனேன்.

ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கொஞ்ச நேரம் இருந்தேன். சில நூற்றாண்டு காலம் உள்ளே சாமியே இல்லாமல் கிடந்த கோயில் இது, சிற்பத்துக்காகப் பார்க்க வருவார்கள், அவ்வளவுதான். 1981ல் லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் கூட்டம். கல் அதே கல், மண்டபம் அதே மண்டபம். கட்டடம் வரைகிறவளுக்கு இதில் கொஞ்சம் வெட்கப்பட விஷயம் இருக்கிறது.

மத்தியானம் காட்சி மாறிவிடுகிறது. மரத்தடிகளில் துண்டை விரித்து ஆண்கள் தூங்குகிறார்கள். வேலை தேடி வந்தவர், வேலை முடிந்தவர், வீட்டில் மின்விசிறி ஓடாதவர், வீட்டில் பேச ஆள் இல்லாதவர். காலையில் வந்த பெண்களில் ஒருவரும் இல்லை. நான் ஒரு மரத்தடியில் புத்தகத்தோடு உட்கார்ந்தேன், கால் மணி நேரத்துக்குள் இரண்டு பேர் வந்து "யாருக்குமா வெயிட் பண்றீங்கோ?" என்று கேட்டுவிட்டார்கள். இரண்டு பேருமே நல்ல மனிதர்கள், அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஆண் உட்கார்ந்தால் உட்கார்ந்திருக்கிறான், பெண் உட்கார்ந்தால் யாருக்காகவோ காத்திருக்கிறாள்.

அப்புறம் கழிப்பறை. அதை எழுதாமல் விடக் கூடாது, ஏனென்றால் ஊர் சுற்றும் பெண்கள் 42 டிகிரியில் தண்ணீர் குடிக்காமல் நடப்பது அதற்காகத்தான். பெஞ்சு எத்தனை போட்டாலும் பெண்கள் உட்காரும் நேரத்தை முடிவு செய்வது பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா, அதில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதுதான்.

புதன், ஆஸ்பத்திரித் தெருக்கள்

சிஎம்சிக்கு எதிர்ப்புறத் தெருக்களில் நுழைந்தால் பத்து அடியில் மாநிலம் மாறிவிடும். பெயர்ப் பலகை வங்காளத்தில், இந்தியில். கடையில் கடுகெண்ணெய். கறிகாய் வண்டியில் நம் ஊர்க்காரர் வங்காள மொழியில் பேரம் பேசுகிறார், இலக்கணம் எப்படியோ, வியாபாரம் நடக்கிறது. 1900ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது, இன்றைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் வரைக்கும் நோயாளிகளை இழுக்கிறது. வருகிறவர்கள் ஒரு நாளில் திரும்புவதில்லை. பரிசோதனை, ரிசல்ட், மறுபடி பரிசோதனை என்று வாரம், மாதம் ஆகிவிடும். அதனால் லாட்ஜிலேயே அடுப்பும் பாத்திரமும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன, குடும்பம் நடத்துகிறார்கள்.

நான் தங்கியதும் அப்படி ஒரு லாட்ஜில்தான். அறை ஒரு மேசை போடவும் போதாது. ஆனால் சாயந்திரம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன் பாருங்கள், அங்கேதான் எல்லாம் நடக்கிறது. கொடியில் துணி, தரையில் பாய், ஓரமாகக் கருவாட்டு வாசனை. மால்டாவிலிருந்து வந்த ஓர் அம்மா, மகனுக்குச் சிறுநீரகக் கோளாறு, மூன்றாம் முறையாக வந்திருக்கிறார். தன்பாத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் எந்த வரிசையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், எந்த ரசீதைத் தொலைத்தால் நாள் முழுக்கப் போய்விடும், எந்த மருந்துக் கடையில் மீதி மாத்திரையைத் திரும்ப எடுத்துக்கொள்வான், எந்த டாக்டரிடம் அழலாம் என்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தன்பாத்காரப் பெண் குறிப்பு எடுத்துக்கொண்டார். எனக்கு அரைகுறை இந்தி, ஆனாலும் டீ வந்தது.

லாட்ஜ் மேனேஜரிடம் மாடியைப் பற்றிக் கேட்டேன். முன்பு அங்கேயும் அறை கட்டலாம் என்று முதலாளி திட்டம் போட்டாராம், கட்டினால் இன்னும் பத்து அறை வாடகை. "துணி எங்க காயப்போடுவாங்கோன்னு கேட்டேன், விட்டுட்டார்" என்றார். துணிக்காகத் தப்பித்தது மாடி. இந்த மாடியை எந்தத் திட்டமும் கணக்கில் எடுக்காது. அரசாங்கப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. வேலூரில் நான் பார்த்த இடங்களில் மிக நன்றாக வேலை செய்தது இதுதான், அதிலும் முக்கியமாகப் பெண்களுக்கு: துணி காய்கிறது என்ற காரணம் கையில் இருப்பதால் இங்கே யாரும் வந்து யாருக்காக உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பதில்லை.

வியாழன், குடியாத்தம் ரோடு

லத்தேரி, கே.வி.குப்பம் தாண்டி ஒரு கிராமம், பெயர் வேண்டாம். ஊர் நடுவில் மஞ்சள் கட்டடம், அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம். 2006ல் வந்த திட்டம் அது, பஞ்சாயத்துக்கு 20 லட்சம் என்று தமிழ்நாடு முழுக்க 12,000க்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகளுக்குப் போனது, ஒவ்வொன்றிலும் நூலகம் ஒன்று என்பது அதில் முக்கியமான பகுதி. யோசனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இந்த ஊர்க் கட்டடமும் உறுதியாகத்தான் நிற்கிறது. பூட்டும் உறுதியாக இருக்கிறது.

சாவி யாரிடம் என்று விசாரித்தேன். கிளார்க்கிடம் என்றார் ஒருவர். கிளார்க் மாறிப்போய்விட்டார், தலைவர் வீட்டில் இருக்கும் என்றார் இன்னொருவர். தலைவர் வீட்டில் ஒரு பாட்டி, "உள்ள பிளீச்சிங் பவுடர் மூட்டை கீது, அத்தெ எடுக்க வர்றவன் கையில இருக்கும்" என்றார். சரி.

புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்குகிறோம், கட்டடத்துக்கு ஒதுக்குகிறோம், திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷிக்கு மாதச் சம்பளம் என்றால் மட்டும் கை நீளுவதில்லை. 1948லேயே நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது, அதற்குப் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நின்றார். இன்றைக்கும் நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. வேலூர் நகரத்துக்குள் ஒரு நூலகத்தில் காலையில் எட்டிப்பார்த்துவிட்டுத்தான் வந்தேன்: தினத்தந்தியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து நான்கு பெரியவர்கள், பின்னால் குரூப் 4 படிக்கும் பிள்ளைகள், நாற்காலி காலி இல்லை. ஜனங்கள் படிக்க வருவதில்லை என்று சொல்கிறவர்கள் பூட்டின கதவுக்கு வெளியே நின்று சொல்கிறார்கள்.

இதே குடியாத்தம் ரோட்டில்தான் ஐடா ஸ்கடர் வாராவாரம் வண்டியில் வந்து மரத்தடிகளில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். கட்டடம் கிடையாது. இந்த நாள், இந்த மரம் என்று தெரிந்தால் போதும், ஜனங்கள் முன்னாலேயே வந்து குந்தியிருப்பார்கள்.

பூட்டின நூலகத்துக்கு எதிரில் பழைய தெருக் குழாய், இப்போது தண்ணீர் வருவதில்லை. 2019க்குப் பிறகு ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. இதைப் பற்றி ஓர் அக்காவிடம் கொஞ்சம் ஏக்கமாகவே கேட்டுத் தொலைத்தேன், குழாயடியில் முன்னெல்லாம் எல்லாரும் பேசிக்கொள்வீர்களே என்று. "இடுப்புல கொடம் தூக்கினவ நானு. பேசணும்னா ஃபோன்ல பேசிக்கறேன், கொழா வூட்லயே இருக்கட்டும்" என்றார். முழுக்க அவர் பக்கம்தான் நியாயம். நகரத்துக்காரர்களுக்குக் குழாயடி நினைத்தால் இனிக்கும், குடம் சுமந்தவர்களுக்கு இனிக்காது. ஆனால் அவரே கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்துத் தெருவில் ஒருத்தி பிரசவத்துக்கு வந்து போனதே தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றார். குழாய் வீட்டுக்குள் போனது நல்லது. அதன் இடத்தில் பெண்களுக்கு வேறு ஓர் இடம் வரவேயில்லை, டீக்கடை பெஞ்சு முன்பும் ஆண்களுக்கு, இப்போதும் ஆண்களுக்கு.

மிச்சம் இருப்பது மகளிர் குழுக் கூட்டமும் நூறு நாள் வேலையும்தான் என்றார். வேலை நடக்கும் இடத்தில் நிழல், குடிதண்ணீர், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று 2005ல் வந்த சட்டத்திலேயே எழுதியிருந்தது. அதெல்லாம் கிடைத்ததா என்றேன். "நெழலுக்குப் புளியமரம் கீதே" என்று சிரித்தார்.

வெள்ளி, பேருந்து

வெயில் அடித்த களைப்பில் அதிகம் சுற்றவில்லை. டவுன் பஸ்ஸில் சும்மா ஏறி இறங்கினேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பஸ் நிறைய பெண்கள், பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் போகும் காரணங்கள்தான் சுவாரசியம். அம்மாவுக்குக் குழம்பு கொண்டுபோகிறவர். மகள் வீட்டுக்குப் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறவர். ஒரு பாட்டி கோயிலுக்கு என்றார், எந்தக் கோயில் என்றதற்கு "ஏதோ ஒண்ணு" என்றார். பத்து ரூபாய் டிக்கெட் இருந்த காலத்தில் இந்தப் பயணத்துக்கு வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஓசிப் பயணம் என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு நாள் பின் சீட்டில் உட்கார்ந்து காது கொடுக்கலாம்.

சனி, ஆற்காடு தாண்டி

அம்மா வழிச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி ஒரு ஊரில் பாரதம் பார்க்கப் போனேன். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. வடாற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: பகலில் பிரசங்கியார் பாரதம் வாசித்துக் கதை சொல்வார், ராத்திரி அதே கதை கூத்தாக வரும், இப்படி நாள் கணக்கில் நடந்து கடைசியில் களிமண்ணால் பெரிய துரியோதனன் உருவம் செய்து படுகளம், அப்புறம் தீமிதி. நான் போனது அர்ச்சுனன் தபசு அன்று. திடலில் நட்டிருந்த உயரமான பனைமரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுகிறார், மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுகிறார், கீழே குழந்தை வரம் கேட்டு நிற்கும் பெண்கள் முந்தானை விரித்துப் பிடிக்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு முந்தின ராத்திரி. முந்தின நாள் இரவே போய்ச் சேர்ந்துவிட்டேன், கூத்து தொடங்க மணி பத்தரை. அதற்கு வெகு நேரம் முன்பே திடல் முழுக்கப் பாய் விரிந்துவிட்டது. பாய் விரித்தால் இடம் உங்களுடையது, யாரும் மிதிக்க மாட்டார்கள். கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், பரீட்சை முடிந்த பெண் பிள்ளைகள், எல்லாரும் விடிய விடிய வெட்டவெளியில். பாதி நேரம் கூத்தைப் பார்க்கிறார்கள், பாதி நேரம் ஒருவருக்கொருவர் கதை, நடுவில் தூக்கம், கட்டியங்காரன் வந்தால் எழுந்து சிரிப்பு. பக்கத்துப் பாய் ஆயா என்னைப் பார்த்து, "தனியாவா வந்த? வா, இப்டி குந்து" என்று தள்ளி இடம் கொடுத்தார், வேர்க்கடலை கொடுத்தார், எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதை விசாரித்தார், துச்சாதனன் வந்ததும் என்னை மறந்துவிட்டார். யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் பணம் தலைக்கட்டு வரியில் வருகிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரே வசூல் செய்யும், நோட்டில் பெயர் இருக்கும். காலனியில் வசூல் உண்டா என்று விழாக்குழுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "அவங்களுக்கு அவங்க கோயில் கீதும்மா" என்றார். குரலில் கோபமும் இல்லை, சங்கடமும் இல்லை. வரி வாங்காமல் விடுவது சலுகை மாதிரித் தெரியும். நோட்டில் பெயர் இல்லாதவருக்குத் திடலில் பாய் விரிக்க இடமும் இல்லை.

ஞாயிறு, அதே ஊர்

காலையில் காலனிக்கு நடந்து போனேன், திடலிலிருந்து பத்து நிமிஷம். ராத்திரி கூத்துக்கு வந்தீர்களா என்று டீக்கடையில் ஒரு பையனிடம் கேட்டேன். "வந்தோம்கா. ஓரமா நின்னு பாத்துட்டு வந்துட்டோம்" என்றான். விடிய விடிய நின்றா என்றேன். "பழக்கந்தான்."

டீக்கடைக்குப் பக்கத்தில் அம்பேத்கர் மன்றம். ஓர் அறை, ஒரு டியூப் லைட், சுவரில் கரும்பலகை, படம். சாவி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருக்கிறது. இல்லம் தேடிக் கல்வி 2021ல் தொடங்கியபோது மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தன்னார்வலராகச் சேர்ந்தவர். சாயந்திரம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம். அது முடிந்ததும் டிஎன்பிஎஸ்சி படிக்கும் பெண்கள் வருகிறார்கள், வீட்டில் படிக்க மூலை கிடையாது. அறையைத் திறப்பதும் பெருக்குவதும் கரண்ட் போனால் சார்ஜர் லைட் வைப்பதும் அவரேதான். சொல்லப்போனால் நான் வியாழக்கிழமை தேடிய நூலகர் இவர்தான், வேலை உத்தரவு மட்டும் இல்லை.

நான் என்ன வேலை என்று கேட்டார். கட்டடம் வரைவேன் என்றதும் நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்துவிட்டார். "அக்கா, மனு குடுக்கணும், அதுக்கு ஒரு பாத்ரூம் வரைஞ்சு குடுங்க. எட்டு மணிக்கு மேல பொண்ணுங்க குந்த மாட்டேங்கறாங்க, ரூம்ல லைட்டு கீது, ஃபேனு கீது, அவசரம்னா எங்க போவாங்க? பசங்க மட்டும் பத்து வரைக்கும் படிக்கறாங்க."

டேப் இல்லை, அதனால் அவருடைய தையல் டேப்பை வாங்கி அளந்தோம். மேற்குப் பக்கம் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் நாலரை அடி கிடைக்கிறது, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தால் போதும். குழி எங்கே தோண்டுவது என்பதில்தான் கொஞ்சம் வாதம், நான் பின்பக்கம் என்றேன், அங்கே முருங்கை மரம் இருக்கிறது, வெட்ட அவருடைய அம்மா விட மாட்டார். மரத்தைச் சுற்றிக் குழாயை வளைத்து வரைந்து கொடுத்துவிட்டு மதியம் ஆற்காடு பஸ்ஸைப் பிடித்தேன். தாழ்ப்பாள் உள்பக்கம், இரும்பில், என்று இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.